ஜன்னலில் ஒட்டிய பெயர்கள்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை காரில் போய்க்கொண்டே போன் பண்ணினாய். "அம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த வேலைய விட்டுட்டு அப்பாவ கூட்டிட்டு இங்க வந்துடு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் "ஆபீஸ்லேர்ந்து கூப்பிடறாங்கம்மா" என்று வைத்தும்விட்டாய். நான் சொல்ல வேண்டிய பதில் இரண்டு போன்களுக்கு நடுவில் அடங்குகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் அனுப்பினால் சிக்னலில் நிற்கும்போது ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவாய். தமிழ் என்றால் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாக வேண்டும். உட்கார். நாளை மறுநாள் திங்கட்கிழமை. நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவதா, வேண்டாமா என்பதுதான் ஒரு மாதமாக நம் வீட்டில் நடக்கிற சண்டை. இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

நீ கல்யாணமாகி டெக்சாஸுக்குப் போன பிறகு இந்த பிஸ்கட்டவே ஊர் வீட்டில் நானும் உங்கப்பாவும் டிவியும்தான் மிச்சம். அப்போதுதான் ஒரு சினகாக்கை ஒட்டி, அதாவது யூதர்களின் கோயிலை ஒட்டி, நடக்கிற பிரீ-ஸ்கூலுக்கு அசிஸ்டென்ட் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அதை நடத்துகிற லியா என்னைவிடச் சின்னவள். ஹெட்டும் அவள்தான், வகுப்பு டீச்சரும் அவள்தான். "பண்டிகை எதுவும் தெரியாதே" என்றேன். "பிள்ளைகளைத் தெரியுமா?" என்றாள். அவ்வளவுதான் இன்டர்வியூ. அங்கே டீச்சரை மோரா என்று கூப்பிடுவார்கள். ஒரே வாரத்தில் நானும் மோரா ஆனேன். நீ அன்றைக்குக் கேலி பண்ணினாய், "என்னம்மா, மோர் மாதிரி இருக்கு" என்று. சிரித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பெல்லாம் வேறு யாரோ சிரித்த மாதிரி இருக்கிறது.

என் வேலை பிள்ளைகளின் கைதான். மூன்றரை, நான்கு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர். எடுத்த எடுப்பில் பென்சிலைக் கையில் திணிக்க மாட்டார்கள். முதலில் மாவு பிசைவது, காகிதம் கிழிப்பது, அதற்குப் பிறகு கிரேயான். அதையும் பாதியாக உடைத்துத்தான் கொடுக்க வேண்டும். துண்டாக இருந்தால்தான் பிள்ளை தானாகவே விரல் நுனியில் பிடிக்கும். இதெல்லாம் பண்டிகையோடு பண்டிகையாக நடக்கும். அவர்கள் புத்தாண்டுக்கு ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் காகித ஆப்பிளைச் சுற்றி வட்டம் போட்டுப் பழகுவார்கள். கூடாரப் பண்டிகைக்குக் காகிதச் சங்கிலி செய்து, வளையத்துக்கு ஓர் எழுத்து எழுதுவார்கள். எனக்கு முதல் நாளே ஒரு குட்டு விழுந்தது. நமக்குத்தான் விஜயதசமியன்று அரிசியில் கையைப் பிடித்து எழுதவைத்த பழக்கமாயிற்றே, ஷிரா என்கிற பெண்ணின் கையைப் பிடித்து அவள் பெயரை எழுதவைத்தேன். லியா வந்து மெதுவாக என் கையை எடுத்துவிட்டாள். "நீ பிடித்தால் அது உன் எழுத்து. அவளுடையது வரும், காத்திரு" என்றாள். எனக்கு வந்ததே கோபம். உன்னைப் பெற்று வளர்த்தவளுக்குக் கை பிடிக்கத் தெரியாதா? ஆனால் அவள் சொன்னதுதான் சரி. நம் வழக்கம் ஒரு நாளைக்குச் செய்கிற சடங்கு. இது தினப்படி வேலை.

ஷிராவுக்கு எழுத்து லேசில் வரவில்லை. அவள் பெயரின் முதல் எழுத்து பாம்பு மாதிரி வளைகிற இங்கிலீஷ் எழுத்து, அது அவளுக்கு அடங்கவே இல்லை. மற்றதெல்லாம் எழுதிவிட்டு அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவாள். கேட்டால், "அது இன்னும் வரல, மோரா, வழியில இருக்கு" என்பாள். என்ன வாய் தெரியுமா அதற்கு! எட்டுப் பேரில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம் என்பதை மறைப்பானேன்.

டிசம்பரில் ஹனுக்கா வந்தது. எட்டு நாள் விளக்கேற்றும் பண்டிகை. எட்டு மெழுகுவர்த்தி, அதையெல்லாம் ஏற்றிவைக்க ஒன்பதாவதாக ஒன்று. மேலிருந்து கீழே கோடு இழுப்பதுதான் பிள்ளைகளுக்கு முதலில் வரும் என்பதால் மெழுகுவர்த்தி அவர்கள் கைக்குத் தோதானது. பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்குக் காகித மெழுகுவர்த்தி வெட்டினேன். ஆளுக்கொன்று. அதன்மேல் தடித்த மார்க்கரில் அவரவர் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். ஷிரா நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் பாம்பெழுத்தைப் போட்டாள் பார்! நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒன்பதாவது மெழுகுவர்த்தியில் மோரா என்று சேர்த்து என் பெயரை எழுதச் சொன்னாள் லியா. "இந்தப் பிள்ளைகளின் கையை ஏற்றிவைத்தது நீதானே" என்றாள். எழுதினேன். பெருமையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

அதை எங்கே ஒட்டுவது என்று வந்தபோது, விளக்கை ஜன்னலில் வைப்பதுதான் அவர்கள் வழக்கம் என்றாள் லியா. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். "அட, எங்க கார்த்திகையும் அப்படித்தான், வாசலில்தான் வைப்போம்" என்றேன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று அப்படி ஒரு சந்தோஷம். வேறு டீச்சராக இருந்தால் எழுத்து உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டியிருப்பாள். எனக்குத்தான் விளக்கென்றால் வாசலைப் பார்த்திருக்க வேண்டுமே. பிக்கப்புக்கு வருகிற அப்பா அம்மாக்கள் காரிலிருந்தே படிக்கட்டும் என்று ஒன்பதையும் ரோட்டைப் பார்க்கத் திருப்பி ஒட்டினேன். அன்று சாயங்காலம் ஷிராவின் அப்பா கார் கண்ணாடியை இறக்கி அவள் பெயரைச் சத்தமாக வாசித்தார். அவள் குதித்த குதியில் ஒரு ஷூ கழன்று விழுந்தது.

அன்றே எதிர்ச் சாரியில் மூடிக் கிடக்கிற கடைக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற டிரக் நின்றதை நான் பார்த்தேன். மேஜையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே பார்த்தேன். மறுநாளும் நின்றது. உள்ளே ஆள் இருந்தான், இறங்கவில்லை. யாருக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்தேன். காத்திருப்பவன் போனைப் பார்ப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான். இவன் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது உறைக்க எனக்கு ஒரு நாள் தாமதமாகிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் காலை ஆபீஸ் அறையில் நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. லியா கையில் ஏதோ டப்பாவை வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல். கோபமில்லை, கத்தல் இல்லை. பேங்கிலிருந்து பேசுகிறவன் மாதிரி அவ்வளவு மரியாதை. "குட் மார்னிங்" என்றான். பிறகு ஒரு பெயரைச் சொன்னான். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு பெயர். பிறகு இன்னொன்று. யாரோ பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்காவது பெயருக்கு எனக்குப் புரிந்துவிட்டது. அது நாங்கள் உள்ளேயிருந்து பார்க்கிற வரிசை இல்லை, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற வரிசை. எட்டுப் பெயரையும் வாசித்தான். கடைசியாக, மோரா என்று சேர்த்து, என் பெயரை வாசித்தான். நம் பெயரை இங்கே யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள், உனக்கே தெரியும். அவன் சொன்னான்டா, ஒரு பிசிறு இல்லாமல். பழகிப் பார்த்திருக்கிறான். "நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்று அவளிடம் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

லியாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அவள் கை தானாகப் போய்ச் சுவரிலிருந்த அபாய பட்டனை அழுத்தியது. அவர்களுக்கு இது பழக்கம், கண்ணா. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. சாமி கும்பிடப் போகிற இடத்தில் இதற்கென்று ஒரு பட்டனும், அதை அழுத்த ஒரு பழக்கமும். ஆபத்து வந்தால் கதவைப் பூட்டி ஒளிந்துகொள்கிற லாக்டவுனுக்கு நாங்கள் பிள்ளைகளிடம் முயல் விளையாட்டு என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறோம். பொந்துக்குள் முயல் எப்படி இருக்கும்? சத்தம் போடாமல் இருக்கும். காகிதமும் பெயின்டும் வைக்கிற அறைக்குள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்காரவைத்தோம். விளக்கை அணைத்தோம். வழக்கமாக யாராவது ஒன்று கிளுக்கென்று சிரிக்கும். அன்று ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஷிரா தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. கதவருகே நின்றது. கைப்பிடியைத் திருகிப் பார்த்தது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற காவலர்தான், பூட்டியிருக்கிறதா என்று சோதித்திருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் உன்னை நினைத்தேன், உங்கப்பா மத்தியானம் சாப்பிட அடுப்பில் ரசம் இருக்கிறது என்று சொல்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தேன். உயிர் போகிற நேரத்தில் ரசம்! சிரி, பரவாயில்லை.

போலீஸ் வந்தது. டிரக் போயிருந்தது. நம்பர் யாரும் பார்த்து வைக்கவில்லை, போன் எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. இன்று வரைக்கும் தெரியவில்லை. ஜன்னலில் இருந்ததையெல்லாம் நானே நகத்தால் கிழித்தெடுத்தேன். பள்ளிக்கூடத்தை ஒரு வாரம் மூடினார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கப்பா டிவியை ஆஃப் பண்ணினார். அவர் டிவியை ஆஃப் பண்ணினால் விஷயம் பெரிது என்று உனக்குத் தெரியும். "போனது போதும். நமக்கும் அவங்க சண்டைக்கும் என்ன சம்பந்தம்? வீட்ல இரு" என்றார். "என் பேரையும்தாங்க வாசிச்சான்" என்றேன். "அதனாலதான் சொல்றேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். இந்த வீட்டை வாங்கிய புதிதில் உங்கப்பா ஹோம் ஸ்டோரில் பித்தளை எழுத்து வாங்கி, மெயில்பாக்ஸில் நம் பெயரை வரிசையாகத் திருகினாரே, ஞாபகமிருக்கிறதா? ஒரு காலையில் அது நசுங்கிக் கிடந்தது. பேட்டால் அடித்திருக்கிறார்கள். ஹைஸ்கூல் பையன்கள் விளையாட்டுக்குச் செய்வார்கள் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாள். இருக்கலாம். அந்தத் தெருவில் நம் பெட்டி மட்டும்தான் அடிபட்டிருந்தது, அதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கப்பா புதுப் பெட்டி வாங்கி நட்டார், வெறும் வீட்டு நம்பரோடு. நீ பக்கத்தில் நின்று, "டாட், வேர் இஸ் அவர் நேம்?" என்று கேட்டாய். "போஸ்ட்மேனுக்கு நம்பர் போதும்" என்றார். அதற்குப் பிறகு எந்தக் காபிக் கடையிலும் நீ உன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "சாம்" என்பாய். யாருடா சாம்? நான் பெற்றது சாமையா? கேட்க வேண்டும் என்று தோன்றும். கேட்டதில்லை, ஏனென்றால் பதில் எனக்கே தெரியும்.

இப்போது நித்யாவுக்கு மார்ச்சில் பிரசவம். பெயர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாய். "எங்கயும் துருத்திக்கிட்டு தெரியாத மாதிரி ஒரு பேர்மா" என்றாய். வையுங்கள், உங்கள் பிள்ளை, உங்கள் இஷ்டம். நான் அதற்குச் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளையை எங்கே ஒளித்துவைப்பது என்று நீ தேடிக்கொண்டிருப்பது உனக்குத் தெரிகிறதா? நீ எட்டு வயதில் கற்றுக்கொண்டதை அது வயிற்றுக்குள்ளிருந்தே கற்றுக்கொள்ள வேண்டுமா? எனக்குத் தூக்கம் வராமல் போனது அந்த டிரக்காரனால் மட்டுமில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. லியா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வராவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். இது உன் கோயில்கூட இல்லை" என்றாள். வருகிறேன் என்றேன். அவள் அழுதுவிட்டாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இனி எங்கேயும் பெயர் கூடாது என்று உத்தரவு. கோட் மாட்டுகிற கொக்கியிலிருந்து டிபன் பை வரைக்கும் பெயரைக் கிழித்துவிட்டு மிருகப் படம் ஒட்டினோம். எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேர்தான் திரும்பி வந்தார்கள். ஷிரா வந்தாள். அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிகிற நோவா முதல் நாள் வந்தான், மறுநாளிலிருந்து வரவில்லை. அவன் வீட்டில் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்து வருவது மரங்களின் பிறந்தநாள் என்று ஒரு பண்டிகை. தாழ்வாரத்துச் சுவரில் பெரிய மரம் வரைந்து, பிள்ளைக்கு ஓர் இலை கொடுத்து அதில் பெயர் எழுதச் சொல்வோம். உள்சுவர்தான், வெளியிலிருந்து தெரியாது. அங்கே மட்டும் எழுதட்டும் என்று லியாவிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். பிள்ளைகளுக்கு வந்த கை வராமல் போய்விடக் கூடாதே. நேற்று, வெள்ளிக்கிழமை, ஷிராவிடம் இலையும் உடைத்த கிரேயானும் கொடுத்தேன். கிரேயானை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். "எழுதும்மா" என்றேன். தமிழில்தான் வாய் தவறி வந்தது, அவளுக்குப் புரிந்தது. "எனக்கு மறந்துபோச்சு, மோரா" என்றாள். எப்படிம்மா மறக்கும், அவ்வளவு அழகாக எழுதினாயே என்றேன். "மறந்துட்டேன்" என்று இலையை என் பக்கம் தள்ளினாள். என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்கால் வலி உனக்குத் தெரியும், ஆனாலும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் காதருகே வந்து சொன்னாள். போனில் ஒருத்தன் பேர் வாசித்தானாம். அவன் வாசித்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்களாம். முதலில் இரண்டு பேர் போனார்களாம், பிறகு நோவா போனானாம். எழுதத் தெரியாது என்றால் அவனால் வாசிக்க முடியாதாம், அதனால் அவள் மறந்துவிட்டாளாம். பெரியவர்கள் காரில் பேசியிருப்பார்கள். பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்த பிள்ளைக்குக் காது கிடையாது என்று நமக்கு ஒரு நினைப்பு. "உங்க பேரும் வாசிச்சானாமே, மோரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்னவோ, வாய் வரவில்லை. அவள் என் புடவைத் தலைப்பைப் பிடிக்கிற மாதிரி என் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிக்கப் நேரம் வரைக்கும் விடவில்லை.

நான் தைரியசாலி இல்லை, கண்ணா. காலையில் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, எதிர்ச் சாரியைப் பார்க்காமல் என்னால் இறங்க முடிவதில்லை. சாம்பல் நிறத்தில் எது நின்றாலும் கார்க் கதவை மறுபடி பூட்டிக்கொள்கிறேன். அவன் மறுபடி வர மாட்டான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் உனக்குச் சொல்ல முடியாது. நீ பயப்படுவது நியாயம். உங்கப்பா பயப்படுவதும் நியாயம். பிரசவத்துக்கு நிச்சயம் வருகிறேன், நித்யாவுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, ரிட்டர்ன் டிக்கெட்டோடு வருகிறேன்.

நேற்று ஷிராவை அவள் அப்பாவின் காரில் ஏற்றி பெல்ட் போட்டுவிட்டேன். "மண்டே வருவீங்களா, மோரா?" என்று கேட்டாள். கட்டாயம் வருவேன் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நோவாவும் அப்படித்தான் சொன்னான் என்றாள்.

உன் அம்மா